கத்தரிப்பூ வட்டம்

செக்கடித் தெருவில் சாபம் விழ ஆரம்பித்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்கு. தண்ணீர் லாரி வந்து போய், குடங்கள் வீடு சேர்ந்து, யார் ஒரு குடம் கூடப் பிடித்தார்கள் என்கிற பேச்சும் ஓய்ந்து, தெரு கொஞ்சம் கால் நீட்டி உட்கார்ந்திருந்த நேரம் அது. அடிகுழாயை நடுவில் வைத்து, சுற்றிலும் எட்டு அடி எடுத்து வைக்கிற தூரத்துக்கு, நல்ல கத்தரிப்பூ நிறத்தில் ஒரு வட்டம் தரையில் பரவியது, பன்னிரண்டு விநாடி நின்றது, பிறகு வாசலில் தெளித்த தண்ணீர் மாதிரிக் காய்ந்து போய்விட்டது. அந்தப் பன்னிரண்டு விநாடிக்குள் அங்கே நின்றிருந்த டீக்கடை மூக்கையாவை ஒரு கொசு கடித்தது. மூக்கையா "யாத்தே" என்று கத்தி, கையிலிருந்த பால் பாத்திரத்தைக் கீழே போட்டு, கடித்தது வெறும் கொசுதான் என்று பார்த்தவர்கள் எல்லாம் சத்தியம் செய்தும் நம்பாமல், பாம்பாட்டி எவனாவது இந்தப் பக்கம் வந்தானா என்று சாயங்காலம் வரை விசாரித்துக்கொண்டிருந்தார்.

மாவு மில் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பஞ்சவர்ணத்துக்கு அந்த வட்டத்தை ஏற்கெனவே எங்கோ பார்த்த ஞாபகம். அவளுக்கு ஐம்பத்து மூன்று வயது. வீட்டுக்காரர் லாரியோடு மாதத்தில் இருபது நாள் வடக்கே போய்விடுவார். மில்லை ஓட்டுவதும், மிளகாய் காய்ந்தது பத்தாது என்று வந்தவர்களைத் திருப்பி அனுப்புவதும், தெருவில் எது நியாயம் எது அநியாயம் என்று தீர்ப்புச் சொல்வதும் இவள்தான். ஒன்பது வருஷமாக அந்த மில் ஒரு நாள்கூட நின்றதில்லை, பெல்ட் அறுந்ததில்லை, மோட்டார் எரிந்ததில்லை. எல்லாம் தன் கைராசி என்று அவள் பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். ஒரு நாள்கூட நிற்காத மில்லை விட்டுவிட்டு எந்த விசேஷத்துக்கும் போக முடியவில்லை என்பதை மட்டும் அவ்வளவாகச் சொல்வதில்லை.

மில்லுக்கும் அடுத்த கடைக்கும் நடுவில் ஒரே சுவர், சுவரில் ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் சவுந்தரபாண்டியின் கேம்ஸ் சென்டர். சவுந்தரபாண்டிக்கு நாற்பது வயது இருக்கும். மீசையைப் பார்த்தால் போலீஸ்காரர்களே ஒரு விநாடி யோசித்துத்தான் பேசுவார்கள். ஆனால் 'ஏழு கோட்டை' என்கிற விளையாட்டுக்குள் போய்விட்டால் அவன் ரெட்டைச் சடை போட்ட ஒரு சூனியக்காரப் பெண். அந்தப் பெண்ணாகத்தான் காலையிலிருந்து மாலை வரை எலும்புக்கூடுகளோடு மல்லுக்கட்டுவான். அவள் குனிந்து ஒரு கைப்பிடி மண்ணை அள்ளி, ஏதோ முணுமுணுத்துக்கொண்டே எதிரிகள் மேல் வாரித் தூற்றுவாள். விளையாட்டைச் செய்தது எந்தச் சீமைக்காரனோ, சாபம் விடுகிற முறை மட்டும் அச்சு அசல் நம்ம ஊர் முறை. மண் விழுந்த இடத்தில் ஒரு வட்டம் விரியும். கத்தரிப்பூ நிறம்.

பஞ்சவர்ணம் ஜன்னலில் தலையை விட்டாள்.

"ஏம்ப்பா சவுந்தரம், இப்ப என்ன செஞ்ச?"

"ஒண்ணும் செய்யலயே மதினி. சாபம் விட்டேன்."

"யாருக்கு?"

"இந்தா, இந்த எலும்புக்கூட்டுப் பயலுகளுக்கு."

"இன்னொருக்கா விடு, பாப்போம்."

அவன் பொத்தானை அமுக்கினான். திரையில் வட்டம் விழுந்தது. தெருவிலும் விழுந்தது. அடிகுழாயடியில் மூக்கையாவுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் குனிந்து தங்கள் கால்களைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். திரைக்குள் விழுகிறது ஏன் தெருவுக்குள்ளும் விழுகிறது என்று அன்றைக்கும் யாரும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. கார்ப்பரேஷன் தண்ணீர் ஏன் ஒரு நாள் வருகிறது, ஏன் ஒரு நாள் வரவில்லை என்று கேட்டுப் பழக்கம் விட்டுப்போன தெரு அது. வந்தால் எத்தனை மணிக்கு வரும், எவ்வளவு நேரம் நிற்கும், இந்த இரண்டும் தெரிந்தால் அவர்களுக்குப் போதும்.

அதையும் சவுந்தரபாண்டி சொன்னான். "சாபம்னா அதுவா யாரையும் ஒண்ணும் செய்யாது மதினி. ஒரு சொட்டு ரத்தம் குறையாது. ஆனா சாபம் பட்டவன் மேல அடுத்து எது விழுந்தாலும் ரெண்டு மடங்கா விழும். நான் மொதல்ல சாபத்தை விட்டுட்டு அப்பறம் ஒரு அடி அடிப்பேன், அது ரெண்டு அடி. பன்னெண்டு செகண்டுக்குத்தான். அப்பறம் ஒண்ணு, ஒரு ஆள் மேல ஒரு சாபந்தான் நிக்கும். ரெண்டாவது விட்டம்னா மொதல்ல விட்டது கழண்டு ஓடிரும்."

"நெனச்ச நேரமெல்லாம் விடலாமா?"

"அது எப்பிடி? இந்தா கீழ நீலக் குடுவை இருக்குல்ல, அது நெறஞ்சிருக்கணும். விட விடக் குறையும், அதுவா ஊறி நெறையணும்."

பஞ்சவர்ணம் இதைக் கேட்டுக்கொண்டு போய் வாசலில் நின்று தெருவுக்கு விளக்கிச் சொன்னாள். தெரு அதை, லாரி வருகிற நேரத்தை மனப்பாடம் செய்த மாதிரி மனப்பாடம் செய்துகொண்டது.

முதல் வாரம் கொஞ்சம் சிரமப்பட்டார்கள். வட்டத்துக்குள் நின்று மூக்கையாவிடம் ஒருவர் "டீ இன்னைக்குச் சுமார்தான்" என்று சொல்ல, அவர் கடையை அடைத்துவிட்டு இரண்டு நாள் படுத்த படுக்கையாகக் கிடந்தார். பிறகுதான், ரெண்டு மடங்கு ஆவது அடி மட்டும் இல்லை, விழுகிறது எதுவானாலும் ரெண்டு மடங்குதான் என்று புரிந்தது. எழுந்து வந்த மூக்கையாவை வட்டத்துக்குள் நிறுத்தி "உங்க டீ மாதிரி வராது" என்று சொன்னார்கள், அவர் அன்று முழுக்க எல்லோருக்கும் ஏலக்காய் தட்டிப் போட்டார். முழங்கால் வலிக்காரர்கள் தைலப் பாட்டிலோடு வந்து குழாயடியில் வேட்டியைத் தூக்கிக்கொண்டு தயாராக நின்றார்கள். கல்யாணத் தரகர் மாப்பிள்ளைகளை வீட்டுக்குக் கூட்டிப் போவதை விட்டுவிட்டு, பெண் குடத்தோடு வருகிற நேரம் பார்த்து வட்டத்துக்கே கூட்டி வந்தார். முப்பது வருஷமாகச் சொல்லி ஒருவரும் சிரிக்காத ஒரு ஜோக்கைத் தையல்காரர் தங்கராசு அங்கே நின்று சொன்னார், நாலு பேர் தரையில் உட்கார்ந்து சிரித்தார்கள், தங்கராசு அழுதுவிட்டார்.

வார்டு கவுன்சிலர் வந்து சோதித்துப் பார்த்தார். அவர் மேல் பாதிதான் ஏறியது. சவுந்தரபாண்டியைக் கேட்டதற்கு, கோட்டைத் தலைவனான பெரிய அரக்கனுக்கு எப்போதும் பாதிதான் ஏறும், விளையாட்டில் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள் என்றான். கவுன்சிலருக்கு அதில் வருத்தமா சந்தோஷமா என்று கடைசிவரை தெரியவில்லை. 'வட்டத்துக்குள் யாரும் யாரையும் ஏசக் கூடாது' என்று ஒரு போர்டு மட்டும் எழுதி வைத்துவிட்டுப் போனார்.

தெருவின் பேச்சே மாறிப்போனது. எதைச் சொல்வதென்றாலும் பன்னிரண்டு விநாடிக்குள் சொல்ல வேண்டும் என்று ஆனதால், சுற்றி வளைத்துப் பேசுகிறவர்கள் எல்லாம் நேராக விஷயத்துக்கு வரக் கற்றுக்கொண்டார்கள். காலையில் ஒருவரை ஒருவர் பார்த்தால் "சாப்ட்டாச்சா" என்று கேட்பது போய், "குடுவை நெறஞ்சிருச்சா" என்று கேட்பது வந்தது.

இதெல்லாம் விளையாட்டு. விஷயம் வேறாக மாறியது ரிட்டயர்ட் கண்டக்டர் பெரியகருப்பனால்.

பெரியகருப்பன் சர்வீஸில் இருந்த காலத்தில், கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண்ணை அவள் கேட்ட ஸ்டாப்பில் இறக்காமல் உச்சி வெயிலில் அடுத்த ஸ்டாப்பில் இறக்கிவிட்டார். அவள் ரோட்டோர மண்ணை அள்ளி பஸ்ஸின் பின்னால் தூற்றி, "நீ எறங்குற எடம் உனக்கு அமையவே அமையாதுடா" என்றாள். அதிலிருந்து பதினேழு வருஷமாக அவர் தன் வீட்டை ஒரே தடவையில் வந்து சேர்ந்ததில்லை. ஒன்று, இரண்டு வீட்டுக்கு முன்னாலேயே நின்று செருப்பைக் கழற்றிவிடுவார். இல்லையென்றால் தாண்டிப் போய் முனைக் கோயிலில் முட்டித் திரும்புவார். தெரு இதற்கும் பழகிவிட்டிருந்தது, அவர் செருப்பு யார் வாசலில் கிடந்தாலும் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிடும். அவர் ஒரு நாள் தைலத்தோடு வட்டத்தில் நின்றுவிட்டு நடந்தார். நடந்தவர் நேராகத் தன் வீட்டு வாசலில் நின்று, செருப்பைக் கழற்றி, உள்ளே போய் உட்கார்ந்தார். "வந்துட்டீங்களா" என்று கேட்ட அவர் மனைவி, கேட்டுவிட்டு அடுப்படியிலேயே அப்படியே நின்றுவிட்டாள்.

ஒரு ஆள் மேல் ஒரு சாபம்தான் நிற்கும். புதுசு விழுந்தால் பழசு கழன்றுவிடும். புதுசோ பன்னிரண்டு விநாடியில் தானாகப் போய்விடும். மிஞ்சுவது சுத்தமான ஆள். இதைத் தெரு கணக்குப் போட்டுப் புரிந்துகொள்ள அரை நாள் ஆனது, அடுத்த அரை நாளில் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. மறுநாளிலிருந்து பஸ் பிடித்து வந்தார்கள். அத்தை விட்ட சாபம், சக்களத்தி விட்ட சாபம், வாத்தியார் விட்ட சாபம், போன தலைமுறையில் யாரோ யாருக்கோ விட்டு வழிவழியாக வந்து சேர்ந்த சாபம் என்று சுமந்துகொண்டு வந்து, எட்டடி வட்டத்தில் நின்று, தோளைக் குலுக்கிக்கொண்டு போனார்கள்.

பஞ்சவர்ணம் மில் வாசலில் நின்று இவர்களைப் பார்த்தாள். அவள் விட்ட ஒரு சாபம் ஆறு வீடு தள்ளி நடமாடிக்கொண்டிருந்தது.

ஆறு வீடு தள்ளி இருப்பது அவள் தங்கை சந்தனமாரி. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் சந்தனமாரியின் மூத்த மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடித்துக்கொண்டு வந்தாள். நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய புதுப் பத்திரிகை. பஞ்சவர்ணம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்பதற்குக் கீழே தாத்தா பெயர் இருந்தது, சித்தப்பாக்கள் பெயர் இருந்தது, அத்தை மாமா இருந்தார்கள், மழலைச் செல்வங்கள் என்று இன்னும் பல் முளைக்காதது எல்லாம் பெயரோடு இருந்தன. பெரியம்மா பஞ்சவர்ணம் இல்லை. மூன்று தடவை மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டுக் கேட்டாள்.

"எம் பேரு எங்கடி?"

"அந்தா கீழ 'மற்றும் சுற்றமும் நட்பும்'னு போட்டிருக்குல்லக்கா. அதுல நீ வந்துர்ற."

நடந்தது என்னவென்றால், அச்சகத்தில் இடம் பத்தவில்லை, ஒரு பெயரை எடுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். யாருடைய பெயரை எடுத்தாலும் சண்டைக்கு வருவார்கள், அக்கா பெயரை எடுத்தால் அக்கா ஒன்றும் நினைக்க மாட்டாள், நம்ம அக்காதானே என்று சந்தனமாரி எடுத்துவிட்டாள். ரொம்ப நெருக்கமானவர்களுக்குத்தான் இப்படிச் செய்யத் தோன்றும். ஆனால் அதைச் சொல்லியிருக்க வேண்டும். அவள் சொல்லவில்லை, இவள் கேட்கவில்லை. பஞ்சவர்ணம் பத்திரிகையை மடிப்புக் கலையாமல் மடித்து, தங்கை கையிலேயே கொடுத்து, "நல்லா இரு" என்றாள்.

தமிழில் இதைவிடப் பெரிய சாபம் இல்லை. சிரித்துக்கொண்டு சொன்னால் அது வாழ்த்து. பல்லைக் கடித்துக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, 'ல்லா'வில் ஒரு அழுத்தம் கொடுத்துச் சொன்னால் அதற்கு மருந்தே கிடையாது. நாசமாய்ப் போ என்று சொன்னால் கோயில் குளம் என்று போய்ப் பரிகாரம் கேட்கலாம். இதற்கு எந்தப் பூசாரியிடம் போய் என்னவென்று சொல்வது? எங்க அக்கா என்னை நல்லா இருக்கச் சொல்லிட்டா சாமி என்றா?

சந்தனமாரியும் லேசுப்பட்டவள் இல்லை. வாசல்படி இறங்கும்போது, "போக்கா, நீ அந்த மில்லையே கட்டிக்கிட்டு அழு" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அது கோபத்தில் வந்த பேச்சு என்று பஞ்சவர்ணம் அன்றைக்கே மறந்துவிட்டாள்.

சாபம் பலித்தது. சந்தனமாரி நல்லா இருந்தாள். ஒன்பது வருஷமாக அவளுக்கு ஒரு தலைவலி இல்லை, காய்ச்சல் இல்லை. பால் திரியவில்லை, கேஸ் பாதிச் சமையலில் தீரவில்லை, மழைக்காலத்தில் வீடு ஒழுகவில்லை. இரண்டு மகள்களும் பெரிய இடத்தில் வாழ்க்கைப்பட்டு, எந்தச் சண்டையும் இல்லாததால் தாய் வீட்டுக்கு வரக் காரணமே இல்லாமல் இருந்தார்கள். செக்கடித் தெருவில் ஒரு வீட்டுக்குள் ஒருவர் நுழைய வேண்டும் என்றால் அங்கே ஏதாவது சரியில்லாமல் இருக்க வேண்டும். கீழே விழுந்துவிட்டாயாமே என்று ஆரஞ்சோடு வருவார்கள், மோட்டார் ஓடவில்லையாமே என்று ஸ்பேனரோடு வருவார்கள், மனசு சரியில்லையாமே என்று சும்மா வருவார்கள். சந்தனமாரி வீட்டுக்கு வர ஒருவருக்கும் ஒரு காரணமும் கிடைக்கவில்லை. எப்படி இருக்கே என்று வாசலோடு கேட்பார்கள், நல்லா இருக்கேன் என்பாள், சரி என்று போய்விடுவார்கள். மிளகாய் அரைக்கிற நேரத்தில் தெருவே தும்மும். சந்தனமாரி மட்டும், இரண்டு பஸ் மாறிப் போய் வேறு மில்லில் அரைத்த தன் பொடியைத் தூக்கிக்கொண்டு, அந்தக் காரப் புழுதிக்குள் ஒரு தும்மல் இல்லாமல் நடந்து போவாள். அந்தத் தும்மாத முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் பஞ்சவர்ணம் மில்லுக்குள் திரும்பிக்கொள்வாள். தன்னுடைய தங்கச்சியைத் தானே தெருவிலிருந்து தள்ளி வைத்துவிட்டோம் என்று அவளுக்குத் தெரியும், அது வேறு யாருக்கும் தெரியாது.

மூக்கையாவை விட்டுச் சொல்லிப் பார்த்தாள். "எல்லாரும் வட்டத்துல நிக்கிறாங்க, நீயும் ஒருக்கா நின்னுட்டுப் போ தாயி" என்று அவர் போய்ச் சொன்னதற்கு, "எனக்கென்ன கொறை? நான் நல்லாத்தான இருக்கேன்" என்று பதில் வந்தது. அந்தப் பதிலைக் கேட்ட அன்று பஞ்சவர்ணம் சாப்பிடவில்லை.

அந்த வாரமே சவுந்தரபாண்டி ஜன்னலில் தலை நீட்டினான். முகம் வாடியிருந்தது.

"மதினி, சேதி தெரியுமா? அப்டேட் வருதாம். சாபம் ரொம்ப ஓவராப் போகுதுன்னு உலகம் பூராக் கம்ப்ளெய்ன்ட்டாம். வீரியத்தைக் கொறைக்கிறாங்க. வட்டமே கெடையாதாம், ஒரு ஆளுக்குத் தனியா, சும்மா பேருக்கு ஒரு கூச்சம் மாதிரி வச்சிருக்காங்களாம்."

"எப்ப?"

"வெள்ளிக்கெழமை பதினோரு மணிக்கு."

அந்த மூன்று நாளும் பஞ்சவர்ணம் மில்லின் தகரத் தொட்டியைப் பார்த்து நின்றுகொண்டு, "மன்னிச்சிரு" என்று சொல்லிப் பழகினாள். அந்தக் குடும்பத்தில் யாரும் யாரிடமும் சொல்லியிராத சொல் அது. மோட்டார் சத்தத்தில் அவளுக்கே கேட்கவில்லை, இருந்தும் வெட்கமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை செக்கடித் தெருவில் தேர்த் திருவிழாக் கூட்டம். கடைசி நாள் என்று கேள்விப்பட்டு எங்கெங்கிருந்தோ வந்திருந்தார்கள். சவுந்தரபாண்டி விடிந்ததிலிருந்து மண்ணை வாரித் தூற்றிக்கொண்டிருந்தான். ஊறுவதும் தீர்வதுமாக, பத்தே முக்கால் மணிக்குக் குடுவையில் ஒரே ஒரு சாபத்துக்கு மட்டும் மிச்சம் இருந்தது, மறுபடி ஊறி நிறைவதற்குள் பதினோரு மணி ஆகிவிடும். அதை அவன் தனக்கென்று வைத்துக்கொண்டான். ஒரு மாதமாக ஐந்தாம் கோட்டை அரக்கனிடம் தோற்றுக்கொண்டிருக்கிறான். அரக்கன் கேடயத்தைத் திறக்கிற ஒரு நொடி பார்த்துச் சாபத்தை விட்டு ஒரே போடாகப் போட வேண்டும், வீரியம் குறைந்த பிறகு அது ஜென்மத்துக்கும் நடக்காது. "அவ்வளவுதான், எல்லாரும் போங்க" என்று கத்திவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டான். கூட்டம் முனகிக்கொண்டே கலைந்தது.

பஞ்சவர்ணம் தொட்டி நிறைய மிளகாயைக் கொட்டி மில்லை ஓடவிட்டுவிட்டு, ஜன்னலில் அவனைப் பார்த்து, "சவுந்தரம், அஞ்சு நிமிசம். அந்தக் கடைசி ஒண்ணைக் கையில வச்சிரு" என்றாள். அவன் என்ன ஏது என்று கேட்பதற்குள் ஆறு வீடு நடந்தாள். ஒன்பது வருஷம் நடக்காத ஆறு வீடு. யோசித்து வைத்த காரணம் ஒன்றுமில்லை. ஆனால் நடக்கும்போது ஒன்று புரிந்தது. சந்தனமாரிக்கு ஒரு குறையும் வராது, சரி. குறை தனக்கு வரலாமே.

கதவைத் தட்டினாள். சந்தனமாரி திறந்தாள், நின்றாள்.

"ஒரு டம்ளர் சீனி வேணும்" என்றாள் பஞ்சவர்ணம்.

"சீனியா?"

"தீந்துபோச்சு."

"உள்ள வந்து வாங்கிக்க."

"மில்லு ஓடுது. நீயே கொண்டாந்து குடு."

சந்தனமாரி உள்ளே போய் டம்ளரில் கோபுரமாகச் சீனியை அள்ளிக்கொண்டு வந்தாள். ஒன்பது வருஷமாக அவளிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை என்பது அவள் டம்ளரைப் பிடித்திருந்த விதத்தில் தெரிந்தது. கூடவே நடந்து நாலு வீடு தாண்டியதும் கேட்டாள்.

"டீக்கா?"

"ம்."

"நீ சீனியே தொட மாட்டியே. கருப்பட்டிதான போடுவ."

"மாத்திட்டேன்."

பொய் என்று சந்தனமாரிக்குத் தெரிந்தது. தெரிந்தும் திரும்பிப் போகாமல் டம்ளரோடு கூடவே வந்தாள்.

அடிகுழாயடிக்கு வந்ததும் பஞ்சவர்ணம் நின்றுவிட்டாள். பத்து ஐம்பத்தெட்டு. கேம்ஸ் சென்டருக்குள் ஐந்தாம் கோட்டை அரக்கன் கேடயத்தை மெதுவாகத் திறக்க ஆரம்பித்திருந்தான். இன்னும் மூன்று விநாடி பொறுத்தால் போதும். சவுந்தரபாண்டி அரக்கனைப் பார்த்தான், சாத்திய கதவின் இடுக்கில் தெரிந்த அக்கா தங்கச்சியைப் பார்த்தான், மீசையை ஒரு தடவை தடவிவிட்டுப் பொத்தானை அமுக்கினான். அரக்கன் அடித்த அடியில் ரெட்டைச் சடைப் பெண் அங்கேயே விழுந்தாள்.

கத்தரிப்பூ வட்டம் இரண்டு பேர் காலடியிலும் விரிந்தது. மூக்கையா கடையிலிருந்தே எண்ண ஆரம்பித்தார். ஒண்ணு, ரெண்டு, மூணு.

பஞ்சவர்ணம் வாயைத் திறந்தாள். பழகி வைத்த சொல் வெளியே வரவில்லை. நாலு, அஞ்சு.

"எதுக்குக்கா என்னைக் கூட்டியாந்த?" என்றாள் சந்தனமாரி.

அந்த 'அக்கா' ரெண்டு மடங்காக வந்து விழுந்தது. பஞ்சவர்ணம் அடிகுழாயின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். இப்போது சொல்லவே முடியாது என்று தெரிந்தது. ஆறு, ஏழு, எட்டு. மில்லிலிருந்து நல்ல குண்டு மிளகாய்க் காரம் ஒரு மூட்டமாக வெளியே வந்து, வாசல் தாண்டி, வட்டத்துக்குள் நுழைந்தது.

சந்தனமாரி மூக்கைச் சுளித்தாள். கண்ணை மூடினாள். ஒன்பது வருஷத் தும்மல் ஒன்று, ரெண்டு மடங்காகி, டம்ளர் சீனி மொத்தத்தையும் அக்காவின் சேலையில் கொட்டிக்கொண்டு வந்தது. மின்கம்பியில் உட்கார்ந்திருந்த காக்காய்கள் எழுந்து பறந்தன.

"நூறு" என்றாள் பஞ்சவர்ணம்.

யோசித்துச் சொல்லவில்லை. சின்னப் பிள்ளையில் தங்கச்சி தும்மினால் ஓடி வந்து ஆயுசு நூறு என்று உச்சந்தலையைத் தட்டிச் சொன்ன பழக்கம், கை தானாகப் போய்த் தலையைத் தட்டியது, வாய் தானாகச் சொன்னது.

"பதினொண்ணு. வட்டத்துக்குள்ள சொன்னது தாயி" என்றார் மூக்கையா. "கணக்குக்கு இருநூறு."

சந்தனமாரி சிரித்தாள். பன்னிரண்டாவது விநாடியில் ஆரம்பித்த சிரிப்பு, வட்டம் காய்ந்துபோன பிறகும் நிற்கவில்லை. பஞ்சவர்ணம் சேலையிலிருந்து சீனியைத் தட்டிக்கொண்டே அழுதாள், எதற்கு அழுகிறோம் என்று தெரிந்தேதான் அழுதாள். மன்னிப்பை யாரும் கேட்கவில்லை, யாரும் கொடுக்கவுமில்லை.

பதினோரு மணி அடித்தது. மில்லுக்குள் 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டு, மோட்டார் வெறுமனே சுற்றியது. பெல்ட் அறுந்து சுவரோரமாகக் கிடந்தது. பஞ்சவர்ணம் வாசலில் நின்று அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். 'நீ அந்த மில்லையே கட்டிக்கிட்டு அழு.' ஒன்பது வருஷம் ஒரு நாள் நிற்காத மில். கைராசி என்று நினைத்துக்கொண்டிருந்தாள். சாபம் கொடுத்தவள் என்று மட்டும் தன்னை நினைத்து வருந்தியவளுக்கு, தானும் ஒன்றைச் சுமந்துகொண்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது. திரும்பித் தங்கையைப் பார்த்தாள். அவள் இரண்டாவது தும்மலுக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள்.

வட்டம் அதற்குப் பிறகு விழவில்லை. தெரு அதற்கும் பழகிக்கொண்டது. சவுந்தரபாண்டி வேறு விளையாட்டுக்கு மாறி அதில் ஒரு குதிரைவீரனாக இருக்கிறான். ஐந்தாம் கோட்டை அரக்கன் இன்றைக்கும் உயிரோடுதான் இருக்கிறான்.

அன்று சாயங்காலம் சந்தனமாரிக்கு ஜலதோஷம் முற்றிக் காய்ச்சல் கண்டது. சேதி தெரிந்த அரை மணி நேரத்தில் தெரு அவள் வீட்டுக்குள் இருந்தது. மூக்கையா இஞ்சி டீயோடு வந்தார். பெரியகருப்பன் ஆரஞ்சுப் பையோடு ஒரே தடவையில் சரியான வாசலுக்கு வந்து சேர்ந்தார். தங்கராசு அந்த ஜோக்கைச் சொன்னார், ஒருவரும் சிரிக்கவில்லை. உட்கார இடமில்லாமல் பாதிப்பேர் படியில் உட்கார்ந்திருந்தார்கள். அறுந்த பெல்ட்டை அப்படியே போட்டுவிட்டு, மில்லைப் பூட்டி, தூக்குவாளியில் மிளகு ரசத்தோடு பஞ்சவர்ணம் கடைசியாக வந்தாள். கட்டிலில் கம்பளியைத் தலைவரை இழுத்துப் போர்த்தி, மூக்கு சிவந்து, கண் கலங்கி உட்கார்ந்திருந்த தங்கச்சியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"எப்பிடி இருக்க?"

சந்தனமாரி வீடு நிறைய இருந்தவர்களை ஒரு தடவை பார்த்தாள். பிறகு முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னாள்.

"நல்லாவே இல்லக்கா."

"கொஞ்ச நாளைக்கு அப்பிடியே இரு" என்று சொல்லிவிட்டு, பஞ்சவர்ணம் ரசத்தை ஆற்ற ஆரம்பித்தாள்.